நடுத்தரச் சீட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் வந்த போக்கர் கட்டுரையை ஆர்வமாகப் படித்தேன். விதிகளைப் புதியவர்களுக்கும் விளங்கும்படி எழுதியிருந்தார் கட்டுரையாளர். ஆனால் எப்படி ஆடுவது என்ற பகுதிக்கு வந்ததும் எல்லாமே தைரியம், எதிராளியின் முகம், அவர் கண் சிமிட்டும் வேகம் என்று போய்விட்டது. பெட் போடுகிறவர் (சிப்ஸ் வைத்துப் பந்தயம் கட்டுபவர்) வீரர், ஃபோல்டு செய்கிறவர் (சீட்டை மடித்து விலகுபவர்) பயந்தவர். பெட் போடாமல் செக் செய்கிறவரைப் பற்றி ‘முறையை அடுத்தவருக்கு விட்டுவிடுகிறார்’ என்று ஒரே ஒரு வரி. அந்த வரி உறுத்தியதால்தான் எழுதுகிறேன்.

நான் கணக்குத் தணிக்கை வேலை பார்ப்பவள். தம்பி, தம்பி மனைவி, கொழுந்தனார், அலுவலகத் தோழி ஒருத்தி என்று சிறு கூட்டமாக நோ-லிமிட் ஹோல்டெம் (ஆளுக்கு இரண்டு மூடிய சீட்டு, நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து, பெட்டுக்கு வரம்பில்லை) ஆடுகிறோம். பணம் கிடையாது, பிளாஸ்டிக் சிப்ஸ்தான். ஆனால் யாரிடம் எவ்வளவு மிச்சம் என்பதை நோட்டில் எழுதி அடுத்த ஆட்டத்துக்குக் கொண்டுபோகிறோம். இன்று கோட்டை விட்டவர் அடுத்த முறை குறைந்த சிப்ஸோடுதான் உட்கார வேண்டும். இந்த ஏற்பாடு இல்லாவிட்டால் எல்லோரும் எல்லாவற்றையும் கால் செய்வார்கள், அதாவது எதிராளி போட்ட அளவே போட்டுத் தங்குவார்கள். பிறகு ஃபோல்டு பற்றிப் பேச இடமே இருக்காது.

எங்கள் மேசையில் நான் ஓயாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. இந்த பெட்டைப் போட்டால் உன்னைவிட மோசமான எந்தச் சீட்டு கால் செய்யும்? உன்னைவிட நல்ல எந்தச் சீட்டு மடியும்? இரண்டில் ஒன்றுக்காவது பதில் இருந்தால் போடு. இரண்டுக்குமே பதில் இல்லையென்றால் செக். தம்பிக்கு இதைக் கேட்டாலே எரிச்சல் வரும். இருந்தாலும் கேட்பதை நான் நிறுத்தவில்லை.

கையில் இரண்டு ராஜா. ஃபிளாப்பில் (முதலில் திறக்கும் மூன்று பொதுச் சீட்டில்) ஏஸ், 7, 2 மூன்றும் வெவ்வேறு இனத்தில் விழுகின்றன. ‘பெரிய ஜோடி, அடித்து ஆடு’ என்பார் உங்கள் கட்டுரையாளர். சரி, பெட் போடுகிறோம். எதிராளியிடம் ஒரு ஏஸ் இருந்தால் அவர் போகமாட்டார். 9 ஜோடியோ 10 ஜோடியோ இருந்தால் அந்த ஏஸைப் பார்த்துப் பெரும்பாலும் மடித்துவிடுவார். ஆக, நம்மை ஜெயிப்பவர் தங்குகிறார், நம்மிடம் தோற்பவர் ஓடுகிறார். நமக்கு வேண்டியது இதற்கு நேர் எதிரானது. சரி, செக் செய்து இலவசமாக ஒரு சீட்டு காட்டினால் ஆபத்தில்லையா? 9 ஜோடிக்காரருக்கு உதவும் சீட்டுகள் மீதமிருக்கும் இரண்டு 9 மட்டுமே. இரண்டு கையும் தெரிந்த நிலையில் மீதம் 45 சீட்டு. அடுத்த சீட்டில் அவை வரும் வாய்ப்பு நூற்றுக்கு நாலரைகூட இல்லை. அவ்வளவு சிறிய ஆபத்தைத் தடுக்க அவரைத் துரத்த வேண்டியதில்லை. நாம் செக் செய்வதைப் பார்த்து நம்மிடம் ஏஸ் இல்லை என்று முடிவு கட்டி டர்னில் (நான்காவது பொதுச் சீட்டு திறந்ததும்) அவரே பெட் போட்டாலும் போடுவார்.

இன்னொரு ஃபிளாப்: இஸ்பேட் 10, இஸ்பேட் 9, ஆட்டின் 4. என் கையில் ஆட்டின் ஜாக்கியும் கிளாவர் ஜாக்கியும். தரத்தில் பார்த்தால் இது முன்னதைவிடச் சின்ன ஜோடிதான். ஆனால் இங்கே பெட் போட்டே ஆக வேண்டும். ஒரு 10 வைத்திருப்பவர் கால் செய்வார், இரண்டு இஸ்பேட் வைத்திருப்பவர் கால் செய்வார், வரிசை தேடும் 8-7 வைத்திருப்பவரும் விடமாட்டார். எல்லோரும் என்னைவிடப் பின்னால் இருப்பவர்கள். ஐந்து இஸ்பேட் சேர்க்கத் தேடுபவருக்கு 45-இல் 9 சீட்டு உதவும், அதாவது ஐந்தில் ஒரு பங்கு. அதை இலவசமாகத் தருவது தர்மம் செய்வது மாதிரி. ராஜா ஜோடிக்கு செக், ஜாக்கி ஜோடிக்கு பெட் என்றால் முதலில் கேட்பவர்கள் சிரிப்பார்கள். நம் சீட்டின் தரத்தோடு, பெட்டுக்கு யார் தங்குவார், யார் போவார் என்பதையும் பார்க்கவேண்டும்.

இது என் சொந்தச் சரக்கல்ல. கணித மேதை ஜான் வான் நியூமன் 1928-லேயே இத்தகைய ஆட்டங்களைப் பற்றி ஆய்வுக் கட்டுரை எழுதினார். 1944-இல் பொருளாதார அறிஞர் ஆஸ்கர் மோர்கன்ஸ்டெர்னோடு சேர்ந்து வெளியிட்ட நூலில் போக்கருக்கென்றே ஒரு பகுதி வைத்தார். அவர் போட்டுக் காட்டிய எளிய மாதிரியில் விடை வியப்பாக இருக்கிறது: மிக நல்ல சீட்டில் பெட், மிக மோசமான சீட்டிலும் பெட், நடுவில் இருப்பதெல்லாம் செக். பலரும் இதைத் தலைகீழாகத்தான் செய்கிறோம். மோசமானதை மடிப்போம், நடுத்தரத்தில் ‘எங்கே நிற்கிறோம் என்று பார்ப்போம்’ என்று ஒரு பெட் போடுவோம், அபாரமான சீட்டு வந்தால் பதுங்குவோம்.

1950-இல் கணித அறிஞர் ஹெரால்ட் கூன் இதை இன்னும் சுருக்கினார். மூன்றே சீட்டு: ராஜா, ராணி, ஜாக்கி. இரண்டு பேர். ஆளுக்கு ஒரு சிப்பை நடுவில் வைத்து ஆளுக்கு ஒரு சீட்டு எடுக்கிறார்கள், மூன்றாவது சீட்டு மூடியே கிடக்கும். போட முடிந்த பெட் ஒரே ஒரு சிப். இதைக் காகிதத்தில் முழுவதும் கணக்குப் போட்டுவிடலாம், போட்டும் பார்த்தேன். முதலில் பேசுபவர் கையில் ராணி இருந்தால் சரியான ஆட்டத்தில் அவர் பெட் போடுவதே இல்லை. ஏன்? எதிராளியிடம் ராஜா இருந்தால் மடியமாட்டார், ஜாக்கி இருந்தால் கால் செய்யமாட்டார். நான் தம்பியிடம் கேட்கும் அதே இரண்டு கேள்வி, இரண்டுக்கும் பதில் இல்லை. ஆனால் ஜாக்கி இருந்தால் அவ்வப்போது பெட் போடலாம், அதிகபட்சம் மூன்று முறைக்கு ஒரு முறை. ஏனென்றால் ஜாக்கி கடைசிவரை காட்டி ஜெயிக்கவே முடியாத சீட்டு. எதிராளியின் ராணி மடிந்தால்தான் அதற்கு வாழ்வு.

அதில் ஓர் அழகான கணக்கும் ஒளிந்திருக்கிறது. ஜாக்கியில் எத்தனை முறை பெட் போடுகிறாரோ அதைப் போல மூன்று மடங்கு முறை ராஜாவில் போடவேண்டும். ஏன் மூன்று? நடுவில் 2 சிப், பெட் 1 சிப். கால் செய்பவர் ஒன்றைப் போட்டு மூன்றை ஜெயிக்கப் பார்க்கிறார்; நாலில் ஒரு முறை ஜெயித்தாலே அவருக்கு நட்டமில்லை. ஆகவே பெட்டுகளில் சரியாக நாலில் ஒன்று பொய்யாக இருந்தால், கால் செய்தாலும் மடித்தாலும் அவருக்கு ஒன்றுதான். பிளஃப், அதாவது பொய் பெட், எவ்வளவு போடலாம் என்பதைத் தைரியம் முடிவு செய்வதில்லை, பெட்டின் அளவு முடிவு செய்கிறது. நடுவில் இருக்கும் அளவுக்கே பெட் போட்டால் மூன்றில் ஒன்று பொய்யாக இருக்கலாம். தணிக்கைக்காரிக்கு இதைவிட இனிப்பான செய்தி கிடையாது.

இந்த மூன்று சீட்டு ஆட்டத்தில் இரண்டு பேரும் பிழையில்லாமல் ஆடினால் முதலில் பேசுபவர் ஒரு கைக்குச் சராசரியாக ஒரு சிப்பில் 18-இல் ஒரு பங்கை இழக்கிறார். சீட்டில் பாரபட்சம் இல்லை. முதலில் பேசவேண்டியிருப்பதற்கான அபராதம் அது. உண்மையான ஆட்டத்திலும் கடைசியில் பேசுபவர் எல்லோரும் என்ன செய்தார்கள் என்று பார்த்த பிறகு முடிவெடுக்கிறார். அதனால்தான் முதல் இடத்திலிருந்து மடிக்கவேண்டிய 10-9 மாதிரிச் சீட்டைக் கடைசி இடத்திலிருந்து ஆடலாம். கட்டுரையில் இடத்தைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை.

இப்போது ஃபோல்டு. இங்கே கட்டுரையில் ஒரு தவறான கணக்கே அச்சாகிவிட்டது. ஃபிளாப்பில் ஒரே இனத்தில் நான்கு சீட்டு சேர்ந்துவிட்டால் ஐந்தாவது வருவதற்கு ‘பாதிக்குப் பாதி வாய்ப்பு’ என்று போட்டிருந்தீர்கள். அப்படியில்லை. பார்க்காத 47 சீட்டில் உதவுபவை 9. அடுத்த ஒரு சீட்டில் வருவது நூற்றுக்கு 19, டர்ன், ரிவர் (ஐந்தாவது, கடைசிப் பொதுச் சீட்டு) இரண்டையும் சேர்த்தால் 35. இந்த 35-ஐத் தெரிந்தவர்களும் ஒரு தப்பு செய்கிறார்கள். நடுவில் 100 சிப்ஸ், எதிராளி 100 பெட் போடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் 100 போட்டு மொத்தம் 300 ஆகும் குவியலுக்குப் போட்டியிடுகிறேன், மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பு வேண்டும். ‘என்னிடம்தான் 35 இருக்கிறதே’ என்று கால் செய்துவிடுவார்கள். ஆனால் அந்த 35 இரண்டு சீட்டையும் மேற்கொண்டு காசு கொடுக்காமல் பார்த்தால்தான் கிடைக்கும், அதாவது இப்போதே எல்லாம் உள்ளே போய்விட்டிருந்தால். இல்லையென்றால் டர்னில் அவர் இன்னொரு பெட் போடுவார். இந்த 100 சிப்ஸ் வாங்கித் தருவது ஒரே ஒரு சீட்டு, 19 தான்.

அப்படியானால் மடிப்பதா? அதற்கும் எதிராளி முன்னால் எவ்வளவு மிச்சம் என்று பார்க்காமல் பதில் சொல்ல முடியாது. 38 சீட்டு எனக்கு எதிர், 9 சீட்டு எனக்குச் சாதகம். 100 போட்டால், வரும்போதெல்லாம் சராசரியாக 420-க்கு மேல் ஜெயித்தால்தான் கட்டுப்படியாகும். நடுவில் இப்போது கிடப்பது அவர் பெட்டோடு சேர்த்து 200. மீதி 220 சொச்சத்தை இனிமேல் அவரிடமிருந்து வாங்கவேண்டும். அவரிடம் 150 மட்டும் மிச்சமிருந்தால் அது நடக்காது, மடிப்பதே சரி. 1,000 மிச்சமிருந்து, இனம் சேர்ந்த பிறகும் கால் செய்யும் ஆசாமி என்றால் தொடரலாம். ஒரே சீட்டு, ஒரே பெட், இரண்டு வெவ்வேறு சரியான முடிவு. ‘நோ-லிமிட்’ ஆட்டத்தில் எவ்வளவு வேண்டுமானாலும் பெட் போடலாம் என்பதைத்தான் எல்லோரும் கவனிக்கிறார்கள். இன்னும் போடாமல் மிச்சமிருக்கும் சிப்ஸும் ஒவ்வொரு முடிவிலும் பங்கெடுக்கிறது என்பதை யாரும் கவனிப்பதில்லை.

ஒரு ஜோடியை வைத்துக்கொண்டு பெரிய பெட்டாகப் போடுபவர்களுக்கும் இதே கதைதான். நடுவில் 100. மூன்று சுற்றிலும் குவியலின் அளவுக்கே பெட் போட்டு, எதிராளியும் கால் செய்துகொண்டே வந்தால் குவியல் 300, 900, 2,700 என்று வீங்கும். உங்கள் கையிலிருந்து 1,300 போயிருக்கும். பாதி அளவு பெட்டென்றால் 200, 400, 800, போனது 350. ஃபிளாப்பில் முதல் பெட்டை எடுக்கும்போதே இந்த இரண்டில் எந்தப் பாதையில் போகிறோம் என்று தெரிந்திருக்கவேண்டும். மூன்று 8 சேர்ந்திருந்தால் 1,300 போகட்டும் என்பேன். ஒரு ஜோடிக்கு எதிராளி 1,300 கொடுக்கிறார் என்றால் அவரிடம் பெரும்பாலும் அதைவிட நல்லது இருக்கிறது. நடுவில் ஒரு சுற்று செக் செய்து குவியலைச் சின்னதாக வைத்துக்கொள்வது இங்கே புத்திசாலித்தனம். அதைக் கோழைத்தனம் என்கிறவர்கள் ரிவரில் ‘இவ்வளவு போட்டுவிட்டேனே, எப்படி விடுவது’ என்று முனகுவார்கள். போட்டது போனதுதான். அது இப்போது யாருடையதும் இல்லை. இப்போது கேட்கப்படும் தொகைக்கு இப்போதிருக்கும் வாய்ப்பு போதுமா என்பது மட்டும்தான் கேள்வி.

அதற்காக எதற்கெடுத்தாலும் மடிக்கவும் கூடாது. எதிராளி குவியலில் பாதி அளவு பெட் போடும்போது நாம் மூன்றில் ஒரு முறைக்கு மேல் மடித்தால், அவர் எந்தக் குப்பைச் சீட்டை வைத்துக்கொண்டும் போட்டு லாபம் பார்க்கலாம். என் தோழி முன்பெல்லாம் அப்படித்தான் மடித்துக்கொண்டே இருப்பாள். தம்பி அவளிடமிருந்து கொஞ்சம் கொஞ்சமாக உருவிவிடுவான். அப்புறம், இதையும் சொல்ல வேண்டும்: எதிரில் பெட்டே இல்லாதபோது மடிக்கிறவர்களும் இருக்கிறார்கள். இலவசமாகச் சீட்டு பார்க்கலாம் என்றிருக்கும்போது ஃபோல்டு செய்ய எந்தக் காரணமும் கிடையாது.

பிளஃப் பற்றி. கட்டுரையாளர் 2003 உலகப் போக்கர் தொடரின் முதன்மைப் போட்டியில் சாம் ஃபர்ஹாவுக்கு எதிராக கிறிஸ் மணிமேக்கர் ஆடிய புகழ்பெற்ற கையைத் தைரியத்துக்கு உதாரணமாகக் காட்டியிருந்தார். 839 பேர் கலந்துகொண்டு, மணிமேக்கர் 25 லட்சம் டாலர் வென்ற போட்டி அது. அந்தக் கையைச் சீட்டோடு சேர்த்துப் பார்க்கலாம். மேசையில் இஸ்பேட் 9, டைமண்ட் 2, இஸ்பேட் 6, இஸ்பேட் 8, கடைசியில் ஆட்டின் 3. மணிமேக்கரிடம் இஸ்பேட் ராஜாவும் ஆட்டின் 7-உம். இஸ்பேடும் சேரவில்லை, வரிசையும் சேரவில்லை. ஃபர்ஹாவிடம் ராணியும் 9-உம், மேசையின் உயர்ந்த ஜோடி. மணிமேக்கர் ஆல்-இன் போனார் (மிச்சமிருந்த எல்லா சிப்ஸையும் போட்டார்), ஃபர்ஹா மடித்தார். தைரியம் இருந்திருக்கும், மறுக்கவில்லை. ஆனால் செக் செய்து சீட்டைக் காட்டியிருந்தால் மணிமேக்கர் ஜெயிக்க வழியே குறைவு. அதுதான் கூன் ஆட்டத்தின் ஜாக்கி. டர்னிலேயே எதிராளியின் பெட்டை உயர்த்தி ரைஸ் செய்திருந்ததால் ஃபிளஷ் (ஒரே இனத்தில் ஐந்து) சேர்ந்தவர் மாதிரியே அவர் கதை கோணாமல் வந்திருந்தது. பெரிய இஸ்பேடான ராஜா அவர் கையிலேயே இருந்ததால் ஃபர்ஹாவிடம் பெரிய ஃபிளஷ் இருக்கும் வாய்ப்பும் குறைந்தது. ஒரு வேளை இருவர் சீட்டும் மாறியிருந்து, 9 ஜோடியோடு அவர் ஆல்-இன் போயிருந்தால் அது மோசமான பெட். நல்லது மட்டும் கால் செய்யும், மோசமானது எல்லாம் மடியும்.

ஆள் பார்த்து ஆடுவதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கட்டுரையாளர் சொன்னதில் அந்த அளவுக்கு உண்மை உண்டு. எங்கள் கொழுந்தனார் ரிவரில் மடித்து நான் பார்த்ததில்லை. அவரிடம் பிளஃப் போடுவது சிப்ஸை எண்ணிக் கையில் கொடுப்பதுதான். அதற்குப் பதில் மற்றவர்களிடம் செக் செய்யும் நடுத்தர ஜோடியைக்கூட அவரிடம் பெட் போடலாம். முதல் கேள்விக்கு அவரே நடமாடும் பதில். தம்பி வேறு ரகம், யாராவது செக் செய்தால் அவனால் சும்மா இருக்க முடியாது. அவனிடம் நல்ல சீட்டை செக் செய்து, அவன் போட்டதும் ரைஸ் செய்வேன். சில வீடுகளில் இந்த செக்-ரைஸை முறையற்றது என்று தடை செய்து வைத்திருப்பார்கள். எங்கள் தம்பி மனைவிக்கும் அந்த எண்ணம் உண்டு. அவர் செய்யும்போது மட்டும் மறந்துவிடுவார். இந்த வேறுபாடு எதையும் நான் அவர்கள் முகத்தில் படிக்கவில்லை. எந்தச் சுற்றில் எவ்வளவு போட்டார்கள், கடைசியில் என்ன காட்டினார்கள் என்பதிலிருந்து வந்தது.

முகம் பார்ப்பதுதான் ஆட்டம் என்றால் 2017 ஜனவரியில் நடந்ததற்கு விளக்கம் இல்லை. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் டூமாஸ் சாண்ட்ஹோமும் நோம் பிரவுனும் உருவாக்கிய லிப்ராடஸ் என்ற நிரல், தொழில்முறை ஆட்டக்காரர்கள் நான்கு பேரோடு 20 நாளில் 1,20,000 கை நோ-லிமிட் ஆடி ஜெயித்தது. அதற்குக் கண் கிடையாது. 2019-இல் அவர்களுடைய அடுத்த நிரல் ப்ளூரிபஸ், ஆறு பேர் மேசையிலும் தொழில்முறை ஆட்டக்காரர்களை வென்றது. லிப்ராடஸ் சில சமயம் குவியலைவிடப் பெரிய பெட்டுகளைத் தயங்காமல் போட்டது. மிக நல்லதும் மிக மோசமானதும் கலந்த சீட்டுகளில்தான் அப்படிப்பட்ட பெட் எடுபடும். வான் நியூமன் காகிதத்தில் கண்ட அதே வடிவம்.

ஒரு வேண்டுகோள். கட்டுரையின் நடுவே ஒரு கையைப் படம் போட்டு, ஏஸ்-10 வைத்திருந்தவர் ஆல்-இன் போனதை ‘துணிச்சலான ஆட்டம்’ என்று குறிப்பிட்டிருந்தீர்கள். அவர் முன்னால் இருந்தது 300 சிப்ஸா 3,000 சிப்ஸா, நடுவில் எவ்வளவு கிடந்தது, அவருக்குப் பின்னால் பேச எத்தனை பேர் மிச்சமிருந்தார்கள் என்று எதுவும் இல்லை. இவை தெரியாமல் அது நல்ல ஆட்டமா, இல்லையா என்று சொல்ல என்னால் முடியாது, கட்டுரையாளராலும் முடிந்திருக்காது. தொடரின் இரண்டாம் பகுதி வருகிறது என்று போட்டிருக்கிறீர்கள். அதில் வரும் கைகளுக்கு இந்த மூன்று விவரத்தையும் சேர்த்து அச்சிடச் சொல்லுங்கள். கூடவே அந்த ‘பாதிக்குப் பாதி’யை 35 என்று திருத்தி ஒரு வரி போட்டுவிட்டால், எங்கள் கொழுந்தனார் உங்கள் நாளிதழைக் கத்தரித்து வைத்துக்கொண்டு என்னோடு வாதாடுவதும் நிற்கும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி